மழையில் வேலையில்லை, மூணு மாச வாடகை பாக்கி: எதை முதலில் கட்டுவது?

நண்பரே, பெயின்டிங் வேலை, மழையில் வருமானம் நின்றுவிட்டது, வாடகை 8,000, பாக்கி 24,000, கூடவே நகைக்கடன், கிரெடிட் கார்டு என்று எழுதியிருந்தீர்கள். தினமும் போன் வருகிறது என்பதற்காகக் கார்டுக்கு முதலில் கட்டுகிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. முதலில் வீடு.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, இரண்டு மாத பாக்கிக்கு ஓனர் நோட்டீஸ் கொடுத்து, அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டாவிட்டால், உங்களைக் காலி செய்ய வைக்க அவர் வழக்குப் போடலாம். கரண்ட், தண்ணீரை நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே போய்ப் பேசுங்கள்.

மாதக் கடைசியில் மொத்தமாகத் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். உங்கள் தொழிலில் அது நடக்காது. வேலை திரும்பியதும், சனிக்கிழமைதோறும் கூலி வாங்கியவுடன் 2,500 தருகிறேன் என்று சொல்லுங்கள். நாலு வாரத்தில் 10,000. நடப்பு வாடகை போக 2,000 பாக்கியில் கழியும், ஒரு வருடத்தில் தீரும். ஜிபேயில் அனுப்பினால் 'பாக்கி' என்று குறிப்பிடுங்கள். ரொக்கமானால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஓனரின் கையெழுத்து. "அட்வான்ஸில் கழிச்சுக்கலாம்" என்று வாய்ப்பேச்சாக விட்டால் பின்னால் தகராறுதான், எழுதி வாங்குங்கள்.

நகைக்கு வட்டியையாவது கட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஏலம். கார்டைத் தேய்ப்பதை நிறுத்தி, நிலுவையை இ.எம்.ஐ. ஆக்கச் சொல்லி வங்கிக்கு மெயில் போடுங்கள். மினிமம் மட்டும் கட்டினால் மீதிக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். காலை 8க்கு முன், இரவு 7க்குப் பின் வசூல் போன் வந்தால் அது ரிசர்வ் வங்கி விதிமீறல், நேரத்தைக் குறித்து வையுங்கள்.

பத்து ரூபாய் வட்டிக்கு வாங்கி வாடகையை அடைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். 24,000க்கு மாத வட்டியே 2,400. ஓனருக்குக் கழிக்கும் தொகையைவிட அதிகம், அசலோ அப்படியே நிற்கும்.