விடப்போற மீனைப் படகுக்குள்ள ஏத்தாதீங்க

கொழிஞ்சாம்பாறையில இருந்து கனடாவுக்கு, தண்டர் பே ஊருக்கு வந்து நாலு மாசமான தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "கூட வேலை செய்யறவங்க ஜூன் மாசம் கனூங்கற ஒடுக்கமான துடுப்புப் படகு எடுத்துட்டு குவெட்டிகோ காட்டு ஏரிகளுக்கு ஒரு வாரம் போறாங்க. பெரிய மீனாப் பிடிச்சுத் திரும்ப ஏரியிலேயே விட்டுருவாங்களாம். மீங்கரை டேம்ல தூண்டில் போட்ட பழக்கம் எனக்கு இருக்கு. இங்க வேற என்ன தெரிஞ்சுக்கணும்? விடறதுக்கு எதுக்குங்க பிடிக்கணும்?"

கடைசிக் கேள்வியில இருந்தே வர்றேன் தம்பி. நம்ம டேம்ல மீன் குறைஞ்சா குஞ்சு கொண்டாந்து விடுவாங்க. காட்டு ஏரியில மீன் தானாப் பெருகினாத்தான் உண்டு. வருசத்துல கிட்டத்தட்டப் பாதி நாள் ஐஸ் மூடிக் கிடக்கிற தண்ணியில வளர்ச்சி ரொம்ப மெதுவு. லேக் டிரவுட்னு குளிர்தண்ணி மீன் ஒண்ணு இருக்கு, அதுல 10 கிலோ இருக்கிற ஒண்ணுக்கு இருபது வயசுக்கு மேலயே இருக்கலாம். பைக்னு கூர்ப்பல்லு மீன் இன்னொண்ணு, அதுல பெருசு பெரும்பாலும் சினை வைக்கிற பொட்டை. அதைக் குழம்பு வெச்சுட்டா அந்த இடத்துக்கு இன்னொண்ணு வளர்ந்து வரப் பல வருசம் ஆகும். போதாததுக்கு, மத்த மீனைத் தின்னு வளர்ற பெரிய மீன் உடம்புலதான் பாதரசமும் அதிகம் சேரும். அதனால சின்னது சட்டிக்கு, பெருசு தண்ணிக்கு.

சட்டத்தைச் சுருக்கமாச் சொல்லிடறேன். 18 வயசுல இருந்து 64 வரைக்கும் அவுட்டோர்ஸ் கார்டுங்கற அரசாங்க அட்டையும் மீன்பிடி லைசென்ஸும் வேணும். நீங்க இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்துல தொடர்ந்து 6 மாசம் இருந்தவருக்குத்தான் உள்ளூர்க் கட்டணம். போற தேதிக்குள்ள உங்களுக்கு அது ஆகுதான்னு எண்ணிப் பாருங்க. ஆளுக்கு ஒரு தூண்டில்தான். சீசன் மூடியிருக்கிற மீனை "விடத்தானே போறேன்"னு சொல்லிக் குறிவெச்சுப் பிடிக்கறதும் குத்தம். குவெட்டிகோவுல செயற்கை இரை மட்டும்தான், மண்புழு டப்பாவை வீட்லயே வெச்சுட்டு வாங்க. தூண்டில் முள்ளு நுனிக்குக் கீழ பின்பக்கம் பார்த்து நிக்குமே ஒரு சின்ன நாக்கு, அதுவும் இருக்கக் கூடாது. மூக்குக் குறடால அழுத்தி மடக்கிட்டு, பருத்தித் துணியில குத்தி இழுத்துப் பாருங்க. நூல் மாட்டாம வந்தாச் சரி.

இந்த நாக்கை மடக்கறது மீனுக்காக மட்டும் இல்லை. ஆஸ்பத்திரி ரெண்டு நாள் துடுப்புத் தூரத்துல இருக்கிற இடத்துல முள்ளு உங்க கையில ஏறினா, நாக்கில்லாதது வந்த வழியிலேயே வெளிய வந்துரும். ஸ்பூன்ங்கற தகடு இரையில மூணு முனை முள்ளு இருந்தா அதைக் கழட்டிட்டு ஒத்தை முள்ளு மாட்டுங்க. மூணு முனை வலையில சிக்கி, மீன் உருளும்போது வாயையும் கிழிக்கும், உங்க விரலையும் தேடும்.

ராடு கொஞ்சம் கனமாவே இருக்கட்டும். பின்னல் நரம்பு 30 பவுண்டு இழுப்பைத் தாங்கறதுக்குக் குறைய வேண்டாம். மெல்லிசு நரம்புல அரை மணி நேரம் விளையாட்டுக் காட்டறது வீரம் இல்லைங்க. அவ்வளவு நேரம் இழுபட்ட மீன் களைச்சுப் போய், விட்டப்பறம் நீந்திப் போற மாதிரி போய் அடியில செத்துக் கிடக்கும். பைக் பல்லு நரம்பை அறுத்துரும், அதனால முனையில ஓரடிக் கம்பி லீடர். இன்னும் மூணு சாமான்: ஓரடி நீள மூக்குக் குறடு, முள்ளையே வெட்டற அளவுக்குக் கட்டர், ரப்பர் பூசின வலை. முடிச்சுப் போட்ட நைலான் வலை மீன் மேல இருக்கிற வழவழப்பை உரிச்சுரும். அந்த வழவழப்புப் போன இடத்துலதான் பூஞ்சை பிடிக்கும்.

இப்ப கனூ. பரிசல்ல உக்காந்திருந்தா ஒரு பழக்கம் வந்திருக்கும், ஆனா பரிசல் சுத்தும், கனூ கவுரும். நீளம் 16, 17 அடி இருந்தாலும் அகலம் மூணடிதான். எந்திரிச்சு நிக்காதீங்க. மீன் மாட்டினதும் முழங்காலை ரெண்டையும் தரையில ஊன்றுங்க. பின்னால இருக்கிறவர் தன் தூண்டிலைச் சுருட்டி வெச்சுட்டு துடுப்பை எடுக்கணும். அவர் வேலை படகோட முனையை மீன் இருக்கிற பக்கமாத் திருப்பிட்டே இருக்கறது. மீன் படகை இழுத்துட்டுப் போனா போகட்டும், படகோட கனமே அதுக்கு பிரேக். படகுக்கு அடியில புகுந்தாத்தான் வம்பு. அப்ப ராடைத் தூக்கிப் பிடிக்காதீங்க, விளிம்புல பட்டு ஒடிஞ்சுரும். ராடு நுனியைத் தண்ணிக்குள்ள முக்கி, படகு முனையைச் சுத்தி அந்தப் பக்கம் கொண்டு போங்க.

பக்கத்துல வந்ததும் நிறையப் பேர் பண்ற தப்பு, ரெண்டு பேரும் ஒரே பக்கம் எட்டிப் பார்க்கறது. ஒருத்தர் குனிஞ்சா இன்னொருத்தர் எதிர்ப் பக்கம் இடுப்பைச் சாய்க்கணும். வலையைத் தண்ணிக்குள்ள இறக்கி, மீனைத் தலை முன்னால வர்ற மாதிரி உள்ள விட்டு, அங்கேயே நிறுத்துங்க. கனூ விளிம்பு தண்ணிக்கு ஓரடி மேலதான், அதனால மோட்டார் படகுல இல்லாத வசதி இதுல உண்டு: உக்காந்த இடத்துல இருந்தே கை தண்ணிக்குள்ள போகும். மீன் வலைத் தொட்டியில மூச்சு விட்டுட்டே இருக்க, குறடை விட்டு முள்ளைத் திருப்புங்க, வந்துரும். தொண்டைக்குள்ள போயிருந்தா நோண்டாதீங்க, கட்டரால முள்ளை வெட்டி விட்டுருங்க. 5 கிலோ பைக்கைப் படகு தரையில போட்டுப் பாருங்க, துள்ளற துள்ளுல பெட்டி, டப்பா எல்லாம் பறக்கும். மீனோட உடம்பும் நொறுங்கும், படகும் ஆடும்.

போட்டோ வேணும்தான், ஊர்ல காட்டணுமே. கேமராவைத் தயார் பண்ணிட்டு, கையை நனைச்சுட்டு, அப்பறம் தூக்குங்க. ஒரு கை செவுள் மூடிக்கு அடியில, சிவப்புச் செவுளைத் தொடாம. இன்னொரு கை வயித்துக்கு அடியில. மீன் படுக்கை வாட்டத்துல இருக்கணும், தாடையில தொங்கவிட்டா அதோட கனமே உள்ளுறுப்பை இழுத்துரும். தூக்கும்போது நீங்களும் மூச்சை அடக்கிக்கங்க. உங்களுக்கு முட்டறதுக்கு முன்னாலயே அது தண்ணிக்குள்ள இருக்கணும். எடை போடத் தராசு வேண்டாம். தண்ணிக்குள்ளயே டேப்பால நீளமும் சுற்றளவும் அங்குலத்துல எடுத்து, சுற்றளவை அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கி, 800ஆல வகுத்தா ஏறக்குறைய பவுண்டு. 40 அங்குல நீளம், 17 சுற்றளவுன்னா பதினாலரைப் பவுண்டு, ஆறரைக் கிலோ.

விடும்போது வாலடியைப் பிடிச்சு நிமிர்த்தி வெச்சிருங்க. முன்னும் பின்னும் ஆட்டாதீங்க, பின்னால இழுத்தா செவுள்ல தண்ணி தலைகீழாப் போகும். அதுவாகவே உதறிட்டுப் போகணும்.

எந்த ஆழத்துல இருந்து வந்ததுங்கறதும் முக்கியம். லேக் டிரவுட் தன் வயித்துக்குள்ள மிதக்கறதுக்கு இருக்கிற காத்துப்பையில இருந்து காத்தை வாய் வழியா ஏப்பமா விட்டுரும், தலையைக் கீழ பார்க்க விட்டா இறங்கிரும். வால்ஐங்கற இன்னொரு மீனுக்கு அப்படி முடியாது. முப்பது அடிக்குக் கீழ இருந்து இழுத்தா வயிறு ஊதி, கண்ணு பிதுங்கி மேலயே மிதக்கும். விடறதா இருந்தா ஆழத்துல வால்ஐ பிடிக்காதீங்க. ஜூலை கடைசியில மேல்தண்ணி 20 டிகிரியைத் தாண்டிட்டா லேக் டிரவுட்டையும் பிடிக்கப் போகாதீங்க. அடியில 10 டிகிரியில இருந்தது அந்தச் சூட்டைத் தாண்டி வந்து பிழைக்கறது கஷ்டம்.

ஜூன்ல நீங்க பயப்பட வேண்டியது தண்ணிக் குளிருக்குத்தான். மலம்புழாவுல நீச்சல் அடிச்சவர்ங்கறது அங்க செல்லாது. விழுந்தா முதல் 1 நிமிசம் மூச்சை நிதானப்படுத்தவே போயிரும், கை கால் சொன்னதைக் கேக்கறது 10 நிமிசம், நினைவு தப்ப ஒரு மணி நேரம். அதனால லைஃப் ஜாக்கெட்டைப் படகுல போட்டு வெக்காம உடம்புல போட்டு ஜிப்பை இழுத்துக்கங்க. விசிலும் மிதக்கிற 15 மீட்டர் கயிறும் சட்டப்படியே வேணும். காத்து எழும்பி அலை வெள்ளையா நுரைச்சா ஏரி நடுவுல போகாதீங்க, கரையோரமா ஒதுங்கிருங்க.

மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் டப்பா தாராளமா எடுத்துட்டுப் போங்க. ஒண்ணரையடி வால்ஐ ஒண்ணு ரெண்டு பேருக்குப் போதும். அதை வறுக்கற இடம் கூடாரத்துல இருந்து தள்ளி இருக்கட்டும், கரடிக்கு மூக்கு ரொம்ப நீளம்.