வாகன வினா விடை: ஆறு சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர்

கேள்வி: தந்தையார் விட்டுச்சென்ற 1972ஆம் ஆண்டு டட்சன் 240 இசட் காரைத் திருத்தி ஓட்டி வருகிறேன். அதன் சைலன்சர் உக்கிப்போய்விட்டதால், புதிதாகப் போடும்போதே எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரை இரண்டு தனித்தனிக் குழாய்களாக மாற்றிவிட எண்ணுகிறேன். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒருவர் இருபது குதிரைவலு கூடும் என்கிறார். நம்பலாமா? புகைப் பரிசோதனையில் சிக்கல் வருமா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: இருபது குதிரைவலுவை மறந்துவிடுங்கள். 2393 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள அந்த எஞ்சினுக்கு அமெரிக்க விற்பனைப் பிரசுரங்களில் சொல்லப்பட்டதே 151 குதிரைவலுதான். சைலன்சரை மட்டும் மாற்றுவதால் அதற்கு மேல் கிடைப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. ஆனாலும் உங்கள் விருப்பம் தவறானதல்ல. இரண்டு குழாய்கள் உண்மையிலேயே பொருந்துகின்ற எஞ்சின்களில் இதுவும் ஒன்று.

காரணம், முன்னிருந்து பின்னாக ஒரே வரிசையில் நிற்கும் அதன் ஆறு சிலிண்டர்களும் 1-5-3-6-2-4 என்ற வரிசையில் எரிகின்றன. முன்னாலுள்ள மூன்றை ஒரு குழாயிலும் பின்னாலுள்ள மூன்றை மற்றக் குழாயிலும் சேர்த்தால், முன்னொன்று, பின்னொன்று என மாறி மாறிப் புகை வெளியேறும். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 240 பாகை சுழலும்போது ஒரு தடவை என்ற சீரான இடைவெளி கிடைக்கும். பக்கத்துக்கு நான்காக எட்டுச் சிலிண்டர்கள் உள்ள அமெரிக்க வி-8 எஞ்சின்களில் இந்தச் சீர் கிடையாது. அங்கே ஒரே பக்கத்துச் சிலிண்டர்கள் சில வேளை 90 பாகையிலும் சில வேளை 270 பாகையிலும் எரிவதால்தான், இரண்டு குழாய்களுக்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாயை வைக்கிறார்கள். உங்களுடையது ஏறத்தாழ மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் இரண்டை ஒன்றாகப் பிணைத்தது போன்றது. ஆகவே எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்பிரும்பு மனிபோல்ட்டைக் கழற்றிவிட்டு, ஆறிலிருந்து இரண்டாகச் சேரும் ஹெடரை, அதாவது சிலிண்டருக்கு ஒன்றாக உருக்குக் குழாய்கள் கொண்ட அமைப்பை, போட வேண்டும். ஒரே குழாயாக வந்து கடைசியில் இரண்டாகப் பிரிவது வெறும் அலங்காரம். அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

குழாயின் அளவில்தான் பலரும் தவறு விடுகிறார்கள். ஒன்றேமுக்கால் அங்குலக் குழாய்கள் இரண்டின் வாய்ப்பரப்பு, இரண்டரை அங்குலக் குழாய் ஒன்றின் பரப்புக்குக் கிட்டத்தட்டச் சமம். உங்கள் எஞ்சினுக்கு அது தாராளமாகப் போதும். இரண்டரை அங்குலத்தில் இரண்டைப் போட்டால் புகையின் வேகம் தளர்ந்து, நகர நெரிசலில் தேவைப்படும் கீழ்ச்சுற்று இழுவை குறைந்துவிடும். வளைவுகளில் குழாய் நசுங்காமல் வளைத்துத் தரும் கராஜைத் தேடுங்கள். நசுங்கிய ஒரு வளைவு நீங்கள் கணக்குப் பார்த்து வாங்கிய அளவையே வீணாக்கிவிடும்.

இந்த எஞ்சினில் காபரேட்டர்களும் ஹெடரும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. ஹெடரின் மெல்லிய குழாய்கள் வார்ப்பிரும்பைவிட அதிக வெப்பத்தை மேலே விடும். கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியின் நெரிசலில் பத்து நிமிடம் நின்றாலே காபரேட்டர் கிண்ணத்தில் பெற்றோல் கொதித்து, கார் இருமத் தொடங்கும். எனவே நடுவிலுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டை, இடம் போதவில்லை என்று யார் சொன்னாலும் கழற்ற விடாதீர்கள்.

புகைப் பரிசோதனையைப் பொறுத்தவரை, நீங்கள் அஞ்சுவதற்கு மாறாக, இரண்டு குழாய்களால் ஒரு வசதி உண்டு. முன் காபரேட்டர் பெரும்பாலும் முன் மூன்று சிலிண்டர்களுக்கும், பின் காபரேட்டர் பின் மூன்றுக்கும் ஊட்டுவதால், ஒவ்வொரு குழாயும் தன் காபரேட்டரின் நிலையைத் தனியாகக் காட்டும். ஒரு வாரம் ஓடிய பின் இரு வாய்களிலும் விரலை விட்டுப் பாருங்கள். ஒன்றில் கறுத்த கரியும் மற்றதில் வெளிறிய சாம்பல் நிறமும் இருந்தால் காபரேட்டர்கள் ஒத்துப்போகவில்லை என்று பொருள். புகை இலகுவாக வெளியேறத் தொடங்கியதும் கலவையில் பெற்றோல் குறைய வாய்ப்பிருப்பதால், பிளக்குகளின் நிறத்தையும் பார்த்துத் திருத்த வேண்டும். பரிசோதனை நிலையத்தில் அளவிடும் குழலை இரண்டு வாய்களிலும் வைத்துப் பார்க்கும்படி கேளுங்கள். ஒன்றில் மட்டும் அளந்தால் கார்பன் மொனொக்சைட்டு அளவு பாதி எஞ்சினுக்கே உரியதாகும்.

உக்கிப்போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக வெளிவருகிறது. இரண்டு குழாய்களாகப் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் செல்லும் சூடு குறைவு. வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரையான குறுகிய ஓட்டத்தில் அந்த நீர் காய்வதில்லை, சைலன்சர் உள்ளிருந்தே அரிக்கப்படும். வெளியே கடற்காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும். செலவு கூடினாலும் 304 தரத் துருப்பிடிக்காத உருக்கையே கேளுங்கள், கடைக்குப் போகும்போது சிறு காந்தம் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். வலுவாக ஒட்டினால் அது 304 அல்ல. சைலன்சரின் அடிப்பகுதியில் மூன்று மில்லிமீற்றர்த் துளை ஒன்றும் இருக்கட்டும். காலையில் அதிலிருந்து சொட்டும் நீரைக் கண்டு பயப்பட வேண்டாம்.

குழாய்களை ரப்பர் வளையங்களில்தான் தொங்கவிட வேண்டும். ஒரு கராஜில் என் பழைய காருக்கு இரும்புத் துண்டை வைத்து உடலோடு சேர்த்து வெல்டிங் செய்துவிட்டார்கள். எஞ்சின் ஆடும், குழாய் ஆடாது என்ற நிலையில், தெகிவளைப் பாலத்தைத் தாண்டுமுன்பே மனிபோல்ட் வெடித்துவிட்டது. குழாய்களின் வாய் பின் பம்பருக்கு வெளியே நீண்டிருப்பதும் முக்கியம். இந்த மாதிரிக் காரில் பின்கதவு ரப்பர் தளர்ந்திருந்தால், ஓடும்போது புகை உள்ளே இழுக்கப்படும். ரப்பரையும் அதே வேலையோடு மாற்றிவிடுங்கள்.

ஒலி கூடும், அதற்காகத்தானே பாதி ஆசையும்! ஆனால் சைலன்சரின் உள்ளடக்கத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பொலிஸாரிடம் அகப்பட்டால் குற்றம் உங்களுடையதுதான்.

கேள்வி: என்னிடம் 1967ஆம் ஆண்டு எம்.ஜி.பி. கார் இருக்கிறது. அதற்கும் இப்படி இரட்டைக் குழாய் போடலாமா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: வேண்டாம். உங்கள் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டாவதும் மூன்றாவதும் தலைப்பகுதிக்குள்ளேயே ஒரே வெளியேற்று வாயைப் பகிர்கின்றன. ஆக மொத்தம் மூன்று வாய்களே. மனிபோல்ட்டிலிருந்து இறங்கும் இரண்டு குழாய்கள் அடியில் ஒன்றாகச் சேர்வதையும் பார்த்திருப்பீர்கள். 1798 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்கு அந்த அமைப்பே போதும். இரண்டாவது குழாயால் எடை கூடும், ரப்பர் வளையங்கள் கூடும், துருப்பிடிக்க இன்னொரு சைலன்சரும் கிடைக்கும். மிஞ்சும் பணத்தில் காபரேட்டர்களின் திரொட்டில் தண்டுகளை (அக்சிலரேட்டரை மிதிக்கும்போது திரும்புபவை) ஆட்டிப் பாருங்கள். அவை அசைந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள்.