பழைய கார். டேங்க் நிரப்பினாலும் பியூயல் கேஜ் முள் காலியிலேயே நிற்கிறது. மீட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

டேங்க் பக்கம் பார்க்காமல் மீட்டரில் கை வைக்க விடாதீர்கள். உங்கள் மெக்கானிக்கும் பார்த்த மாத்திரத்தில் "மீட்டர் போச்சு" என்று சொல்லியிருப்பார் என நினைக்கிறேன். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள். டேஷ்போர்டைக் கழற்ற உட்கார்ந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

பழைய வண்டியில் இதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. டேங்குக்குள் ஒரு மிதவை. அது ஏறி இறங்க, அதோடு சேர்ந்த கை ஒரு ரெசிஸ்டன்ஸ் பட்டை மேல் நகரும். இது மொத்தமும்தான் சென்சார். அந்த ரெசிஸ்டன்ஸ் (அதன் அளவுதான் ஓம்) மாறுவதற்கு ஏற்ப முள் நகரும்; என் வண்டியில் ஓம் குறையக் குறைய ஃபுல் பக்கம் போகும். சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவில் ஒரு வயர், டேங்கில் ஓர் எர்த், அதாவது வண்டியின் பாடியோடு சேரும் இணைப்பு.

பின் சீட்டைத் தூக்கி, சென்சார் வயரைக் கழற்றினேன். அதோடு நீளமான ஒரு வயரைச் சேர்த்துக் கதவு வரை இழுத்து வந்து, அங்கே பாடியில் எர்த் கொடுத்த பிறகுதான் சாவியைத் திருப்பினேன். முள் மெதுவாக எழுந்து ஃபுல்லை நோக்கிப் போனது. உடனே சாவியை அணைத்துவிட்டேன், அதற்கு மேல் விட்டால் மீட்டர் கெடும். ஆக மீட்டரும் நல்லது, வயரும் நல்லது. (சில அமெரிக்க வண்டிகளில் இது தலைகீழ்: 0 ஓம் காலி, 90 ஓம் ஃபுல். உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் பாருங்கள்.)

மிச்சம் இருந்தது சென்சாரும் எர்த்தும். எர்த் வயரின் வளையத்துக்கு அடியில் துரு செதில் செதிலாக இருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றி, உப்புத்தாளால் தகரம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து முறுக்கினேன். டேங்கில் இருந்த பெட்ரோலை முள் அப்படியே காட்டியது. அதில் சரியாகாவிட்டால்தான் சென்சாரை வெளியே எடுக்க வேண்டும்: மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் குலுங்குகிறதா, மிதவையின் கையை நகர்த்தும்போது மல்டிமீட்டரில் ஓம் சீராக மாறுகிறதா என்று பாருங்கள். டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் மட்டும், இரண்டுக்கும் கரண்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் மேல் சந்தேகப்படலாம். அது டேஷ்போர்டு பக்கம்தான் இருக்கும்.

"பெட்ரோல் டேங்க் பக்கத்தில் வயரோடு விளையாடச் சொல்கிறீர்களா" என்று யாராவது வரலாம். அதற்காகத்தான் எர்த்தை கதவருகே கொடுத்தேன், கதவுகளையெல்லாம் திறந்து வைத்திருந்தேன். சென்சாரைக் கழற்றுவதென்றால் பேட்டரியை முதலில் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் தொடவே தொடாதீர்கள். மெக்கானிக்குகள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை, டேங்கைப் பார்க்காமலே மீட்டரை மாற்றச் சொல்பவர்களைத்தான் சொல்கிறேன்.

இவ்வளவும் எனக்குக் கைகூடியதற்குக் காரணம் என் பழைய வண்டியின் கையேடு. கடைசிப் பக்கங்களில் மொத்த வயரிங் படமும், எந்த வயர் என்ன நிறம் என்பதும் இருக்கிறது. வீட்டில் இருக்கும் புது வண்டியோடு வந்த தடித்த புத்தகத்தில் செல்போனை இணைக்கப் பல பக்கங்கள் உண்டு, வயரிங் படம் ஒன்றுகூட இல்லை. காசு கொடுத்து வாங்கியவனுக்கு அதைத் தர ஏன் இவ்வளவு தயக்கம்?