சிங்கள ஊர்ப் பெயர்கள் எந்த மொழியிலிருந்து வந்தவை?

"சிங்கள ஊர்ப் பெயர்கள் எல்லாம் திரிந்த தமிழ்தான் என்கிறார் ஒரு நண்பர். இல்லை, எல்லாமே பௌத்த நூல்களின் மொழியான பாளி என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் நம்ப வேண்டாம். பெரும்பாலான பெயர்கள் சிங்களத்தின் சொந்தச் சொற்களால் ஆனவை. சிங்களம் இந்தோ ஆரிய மொழி என்பதால் அவற்றின் வேர் வட இந்தியாவின் பழைய பேச்சு மொழியான பிராகிருதத்துக்குப் போகும். அதற்குக் கீழேயும் மேலேயும் வேறு மொழிகள் படிந்திருக்கின்றன.

ஒரு பெயரைப் பார்த்ததும் அதன் கடைசிப் பகுதியைப் பிரித்துப் பாருங்கள். கம என்பது கிராமம், நுவர என்பது நகரம், துவ என்பது தீவு. வெவ என்பது வாபி, அதாவது குளம். பொல்கஹவெல என்ற ரயில் சந்தியைப் பிரித்தால் பொல் தேங்காய், கஹ மரம், வெல வயல். ராஜா கதை எதுவும் வேண்டாம், கண்ணில் பட்டதை வைத்துச் சூட்டிய பெயர்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நாவல் மரம். பாளியில் அது ஜம்பு. பழைய ஜகரம் சிங்களத்தில் தகரமாகத் திரியும் என்பதால் ஜம்பு அங்கே தம்ப ஆகிவிட்டது. 13ஆம் நூற்றாண்டில் தலைநகராக இருந்த தம்பதெனியவைப் பாளி நூல்கள் ஜம்புத்தோணி என்று எழுதுகின்றன. இப்போது வடக்கே வாருங்கள். அசோகரின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்து இறங்கியதாக மகாவம்சம் என்ற பாளி வரலாற்று நூல் சொல்லும் துறை ஜம்புகோளம். சிங்களவர்கள் அதைத் தம்பகொல பட்டுன என்கிறார்கள். யாழ்ப்பாணத்து மாதகலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இடத்தை நாம் சம்பில்துறை என்கிறோம். அதே ஜகரத்தைச் சிங்களம் தன் வழக்கப்படி தகரமாக்கியது, தமிழ் தன் வழக்கப்படி சகரமாக்கியது. ஒன்று மற்றொன்றின் திரிபே இல்லை. இதை வைத்துக்கொண்டு யார் யாருடைய பெயரைத் திருடினார் என்று இரண்டு பக்கமும் சண்டை பிடிப்பதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனம் நோகிறது. ஒரு துறைக்கு இரண்டு பெயர் இருக்கிறது என்றால் இரண்டு மொழிக்காரரும் அங்கே புழங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அம்பாந்தோட்டையும் பலரைக் குழப்பும். அங்கே தோட்டம் எதுவும் இல்லை. சிங்களத்தில் தொட்ட என்றால் தோணித்துறை, பாளியின் தித்த, சமஸ்கிருதத்தின் தீர்த்தம். முன்பகுதி சம்பான் என்ற படகின் பெயர் என்பது வழக்கமான விளக்கம். சம்பந்தர் தேவாரத்தில் பாடிய மாதோட்டத்தில் இருப்பதும் இந்தத் தொட்டதான்; அதுவும் மகாவம்சத்தின் மகாதித்தவும் ஒரே துறைமுகம்.

சரி, கல என்று முடியும் குருநாகல் போன்ற ஊர்கள்? பாறைக்குச் சிங்களத்தில் கல என்று பெயர். நம்முடைய கல்தானே என்று உடனே தோன்றும். ஆனால் கங்கையின் முதல் எழுத்தைப் போல அது அழுத்தி ஒலிக்கும் ககரம். தமிழிலிருந்து போன சொற்களில் முதல் ககரம் அப்படி மாறுவதில்லை: கோட்டை அங்கே கோட்டே, கடை அங்கே கடே. அதனால் கல என்பது இந்தோ ஆரியத்துக்கும் முந்தி இலங்கைத் தீவில் இருந்த மக்களின் சொல், அங்குள்ள பழங்குடியினரான வேடரின் பேச்சோடு தொடர்புடையது என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

தமிழ் எங்கே இருக்கிறது என்றால், இருக்கவேண்டிய இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே என்ற பெயரின் வாலில் நிற்பது நம் கோட்டை. 14ஆம் நூற்றாண்டில் அமைச்சராக இருந்த அழகக்கோனார் கட்டிய கோட்டை அது. நீர்கொழும்புக்குப் பக்கத்துக் கொச்சிக்கடை சிங்களத்தில் கொச்சிக்கடே. அனுராதபுரத்துக்கு அருகே கல்குளம என்று ஓர் ஊர் உண்டு. முன்பாதி சிங்களப் பாறை, பின்பாதி தமிழ்க் குளம். வெவ என்ற சொந்தச் சொல் கையில் இருந்தும் அந்தப் பக்கத்துச் சிங்களவர்கள் குளம என்றே வைத்திருக்கிறார்கள்.

பாளி நூல்களை நம்பும்போதும் ஒரு கவனம் வேண்டும். எழுதிய பிக்குகள் பல ஊர்ப் பெயர்களை மொழிபெயர்த்துவிடுவார்கள். குருநாகல் அவர்களிடம் ஹத்திசேலபுரம், யானைப்பாறை நகர். பாளியில் இருக்கிறது என்பதற்காகவே அது மூலப்பெயர் ஆகிவிடாது.

அப்புறம் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் காலம். கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் பகுதிக்கு ஆங்கிலத்தில் ஹல்ஃப்ட்ஸ்டோர்ப். கொழும்பு முற்றுகையில் 1656இல் இறந்த ஹுல்ஃப்ட் என்ற ஒல்லாந்துத் தளபதியின் பெயர் அது. சிங்களவர்கள் அதை அளுத்கடே என்கிறார்கள், தமிழர்கள் புதுக்கடை. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. தளபதியின் பெயரை இரண்டு மொழியும் எடுத்துக்கொள்ளவில்லை.