குளிர்கால ஏரித் தூண்டில்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் நன்னீரில் சால்மன், டிரவுட் தவிர்த்த கார்ப், ரோச், பிரீம், டெஞ்ச், பெர்ச், பைக் முதலிய மீன்களை இங்குள்ளவர்கள் 'கோர்ஸ் மீன்' என்று சொல்வார்கள். கட்டணம் செலுத்தி இம்மீன்களைப் பிடிக்கும் ஏரிகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தூண்டில் போடுவதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியுள்ளேன்.

லெஸ்டர் வாசகர்: ஆகஸ்டில் ஒரே நாளில் முப்பது கார்ப் பிடித்த ஏரியில், அதே இடத்தில் அதே இரையைப் போட்டும் இப்போது ஒரு கடிகூட இல்லை. குளிரில் மீன்கள் உறங்கிவிடுகின்றனவா?

உறங்குவதில்லை. மீனின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், தண்ணீர் குளிரும்போது செரிமானமும் மந்தமாகிறது. 18 டிகிரியில் நாள் முழுவதும் மேயும் கார்ப், 7 அல்லது 8 டிகிரிக்குக் கீழே போனால் ஒரு நாளில் சிறிது நேரம் மட்டுமே வாய் திறக்கும். டெஞ்சும் குருஷியன் கார்ப்பும் ஏறக்குறைய முற்றிலும் அடங்கிவிடும். ரோச், பெர்ச், பைக் ஆகியவை குளிரிலும் இரை எடுக்கும்.

ஆனால் உங்களுக்குக் கடி கிடைக்காததற்குப் பசிக்குறைவைவிட இடமே பெரிய காரணமாக இருக்கும். கோடையில் ஏரி முழுவதும் பரவியிருந்த மீன்கள் குளிர்காலத்தில் நெருக்கமான கூட்டங்களாகச் சேர்ந்துவிடும். ஏரியின் பெரும்பகுதி வெறும் தண்ணீராகவே கிடக்கும். கடற்கரையிலிருந்து உள்நாட்டு ஏரிகளுக்கு வரும் நீர்க்காகங்கள் துரத்துவதால் இந்தக் கூட்டங்கள் இன்னும் இறுகும். தீவின் ஓரத்தில் தண்ணீர் மேல் சாய்ந்த புதர்கள், பழைய நாணல் வேர்கள், பாம்புபோல் நீண்டு வளையும் சிறு ஏரிகளில் நடுவிலுள்ள ஆழமான தடம் ஆகிய இடங்களை முதலில் பாருங்கள். கோலை விரிப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் கரையில் நின்று தண்ணீரைக் கவனிப்பது நல்லது. குளிர்காலத்தில் ஒரே ஒரு மீன் புரண்டாலும் அதன் அருகே இன்னும் பல இருக்கும் என்று நம்பலாம்.

மில்டன் கீன்ஸ் வாசகர்: வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. எந்த வானிலையில் போவது நல்லது? வெயில் அடிக்கும் நாளில் போனால் நன்றாக இருக்கும் என்று நினைத்து இருமுறை ஏமாந்தேன்.

பலரும் காற்றின் வெப்பத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது தண்ணீரின் வெப்பத்தையும் அது எத்தனை நாளாக மாறாமல் இருக்கிறது என்பதையும்தான். தண்ணீர் நான்கைந்து நாளாக 5 டிகிரியிலேயே நின்றால் மீன்கள் அதற்குப் பழகி இரை எடுக்கத் தொடங்கிவிடும். 9 டிகிரியில் இருந்த தண்ணீர் ஒரே இரவில் 6 டிகிரிக்கு இறங்கினால், முன்னதைவிட வெப்பம் அதிகமாக இருந்தும் அன்று எதுவும் கடிக்காமல் போகலாம். நீங்கள் ஏமாந்த வெயில் நாட்கள் பெரும்பாலும் மேகமில்லாத உறைபனி இரவுக்கு அடுத்து வந்தவையாக இருக்கும். வானம் மூடி, தென்மேற்குக் காற்று மெதுவாக வீசி, இரவுக்கும் பகலுக்கும் வெப்பவேறுபாடு குறைவாக உள்ள நாளையே நான் தேர்ந்தெடுப்பேன். உருகும் பனி ஏரிக்குள் வடியும் நாளை அறவே தவிர்க்கவும்.

நேரத்தைப் பொறுத்தவரை விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டிய தேவையில்லை. காலை பதினொன்று முதல் பிற்பகல் மூன்றரை வரை, அதிலும் கடைசி ஒரு மணி நேரம், கோடையின் அதிகாலைக்குச் சமமானது. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுவதை நினைவில் வையுங்கள். கோடையில் காற்று எந்தக் கரையை நோக்கி வீசுகிறதோ அங்கே உட்காருவோம். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வீசும் குளிர்காற்றுக்கு அது பொருந்தாது. அப்போது காற்று முதுகில் படும்படி, அமைதியான தண்ணீரைப் பார்த்து உட்காருங்கள்.

டார்பி வாசகர்: ஆழமான இடத்தில்தான் வெதுவெதுப்பு இருக்கும் என்கிறார்கள். எப்போதும் தரையிலேயே இரையை வைக்க வேண்டுமா?

தண்ணீர் 4 டிகிரியில் மிக அடர்த்தியாக இருப்பதால் அந்த வெப்பமுள்ள நீர் அடியில் தங்கி, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே மிதக்கும். ஏரி மேலிருந்து உறைவதற்குக் காரணமும் இதுவே. எனவே உறைபனிக் காலத்தில் ஆழம் உதவும் என்பது சரி. ஆனால் கட்டண ஏரிகள் பலவும் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழமே உள்ளவை. காற்றடித்தால் மேலும் கீழும் கலந்துவிடும். அங்கே வெயில் சற்று ஏறிய பிற்பகலில் கார்ப் கூட்டம் தரையைவிட்டு எழும்பி நடுநீரில் அசையாமல் நிற்பதுண்டு. ஒரு மணி நேரம் தரையில் கடி இல்லையென்றால் தக்கையை இறக்கி, முள்ளை இரண்டடி உயரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

கோவென்ட்ரி வாசகர்: எந்த இரை, எவ்வளவு?

இந்தப் பகுதியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் அது அளவுதான். போட்ட இரையைத் திரும்ப எடுக்க முடியாது. ஒரு பிடி பெல்லட்டை, அதாவது மீன்தீவனக் குறுமணியை, வீசியதும் அரைகுறைப் பசியுள்ள மீன்கள் அதிலேயே நிறைந்துவிடும், உங்கள் முள்ளில் உள்ளதைத் தொடத் தேவையே இருக்காது. ஈப்புழு என்றால் ஐந்தாறு, பொடி பெல்லட் என்றால் ஒரு சிட்டிகை, அதுவும் மீன் கிடைத்த பிறகோ தக்கை பத்து நிமிடம் அசையாமல் இருந்த பிறகோ மட்டும் போடுங்கள்.

வகையைப் பொறுத்தவரை, ரோச்சுக்கும் ஸ்கிம்மர் எனப்படும் சிறு பிரீமுக்கும் ரொட்டியிலிருந்து குத்தியெடுத்த சிறு வட்டத்தையும் ஈப்புழுவையும் மிஞ்சியது இல்லை. கார்ப்புக்கு ஒற்றைச் சோளமணி, மென்மையாக ஊறவைத்த எக்ஸ்பாண்டர் பெல்லட், சிவப்பு ஈப்புழு இரண்டு. பெர்ச்சுக்கு மண்புழுவின் ஒரு துண்டு. கோடையில் நன்கு வேலை செய்த எண்ணெய்ப்பசை மிகுந்த மீன்தூள் பெல்லட்டைக் குளிர்காலத்தில் ஒதுக்கிவிடலாம். குளிர்நீரில் அந்த எண்ணெய் சரியாகக் கரைந்து பரவுவதில்லை, மீனுக்குச் செரிப்பதும் கடினம்.

ஹாரோ வாசகர்: ஈப்புழுவில் மஞ்சள் தூள் கலப்பதாக ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் சொன்னார். நம் வீட்டு மஞ்சள் தூளா?

அதே மஞ்சள் தூள்தான். ரோச் பிடிப்பவர்கள் இங்கே நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை இது. புழுக்களை முதலில் சல்லடையில் சலித்து, மரத்தூளையும் செத்தவற்றையும் நீக்குங்கள். அரை லிட்டர் புழுவுக்கு ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைத் தூவி, மூடியைச் சற்றுத் திறந்து வைத்துக் குளிரான இடத்தில் ஓரிரவு விட்டால் புழுவின் அமோனியா வாடை அடங்கி, தோல் இளமஞ்சள் நிறம் பெறும். மறுநாள் மீண்டும் சலித்து எடுத்துச் செல்லுங்கள். மிளகாய் கலந்த மசாலாத்தூள் டப்பாவைத் தவறிப்போய் எடுத்துவிடாதீர்கள்.

ஈஸ்ட் ஹாம் வாசகர்: எல்லாரும் 13 மீட்டர், 16 மீட்டர் நீளமுள்ள 'போல்' என்ற கழியை வைத்துப் பிடிக்கிறார்கள். அதற்கு என்னிடம் பணமில்லை; பத்தடிக் கோலும் ரீலும் மட்டும் உண்டு. இதை வைத்துக் குளிர்காலத்தில் ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். 'போல்' என்பது ரீல் இல்லாத நீளக்கழி. அதன் சிறப்பு, மிக மெல்லிய தங்கூசியையும் (தூண்டில் நூல்) சிறிய தக்கையையும் தொலைவில் ஒரே புள்ளியில் நிறுத்த முடியும் என்பது. அதில் 0.10 மில்லிமீட்டர் தங்கூசியும் 20ஆம் எண் முள்ளும் போட்டு, தக்கையின் நுனி ஒரு பொட்டளவு மட்டும் தெரியும்படி எடை ஏற்றுவார்கள். குளிர்காலத்தில் ரோச் உறிஞ்சும்போது அந்தப் பொட்டு சட்டென்று மூழ்காது, தண்ணீரோடு தண்ணீராக மெல்ல மறையும்.

உங்கள் கோலில் அந்த நுணுக்கம் வராது. ஆனால் கார்ப் கூட்டத்தைத் தேட அதுவே சிறந்த கருவி. மென்மையான நுனி உள்ள கோலாக இருந்தால், 10 கிராம் எடை ஒன்றை ரீலிலிருந்து வரும் தங்கூசியில் நகரும்படி கோத்து, அதன் முனையில் அரை மீட்டர் நீளத்துக்கு 0.15 மில்லிமீட்டர் கீழ்த்தங்கூசியும் 16ஆம் எண் முள்ளும் கட்டி, ஒற்றைச் சோளமணியை மட்டும் வீசுங்கள். தூவும் இரை எதுவும் வேண்டாம். ஓரிடத்தில் இருபது நிமிடம், பிறகு ஐந்து மீட்டர் தள்ளி இன்னொரு இருபது நிமிடம் என்று ஏரியைத் துழாவிக்கொண்டே போங்கள். நுனி ஒருமுறை துடித்து நின்றால் கோலைத் தூக்க வேண்டாம், அது பெரும்பாலும் தங்கூசியில் உரசிச் சென்ற மீன். ஆனால் அங்கே கூட்டம் இருப்பதை அது சொல்லிவிட்டது. நுனி வளைந்து திரும்பாமல் இழுபட்டால் மட்டும் தூக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஊரிலிருந்து கொண்டுவந்த ஈயக்குண்டுகளைப் பயன்படுத்தாதீர்கள். அன்னங்கள் அவற்றை விழுங்கி நஞ்சேறிச் சாவதால், 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈய எடைகள் 1987 முதல் இங்கே தடைசெய்யப்பட்டுள்ளன.

ரெடிங் வாசகர்: குளிர்காலத்தில் எவ்வளவு பிடித்தால் நல்ல நாள்?

ஆழம் குறைந்த கட்டண ஏரியில், ஐந்து மணி நேரத்தில் நான்கைந்து கார்ப் அல்லது பத்துப் பவுண்டு எடையுள்ள ரோச்சும் ஸ்கிம்மரும் கிடைத்தால் அதை நான் நிறைவான நாள் என்பேன். எஃப்1 எனப்படும் கலப்பினக் கார்ப் விடப்பட்ட ஏரிகளில் இதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்கலாம். காமன் கார்ப் அடங்கிவிட்ட குளிரிலும் அது இரை எடுப்பதால்தான் பல ஏரிக்காரர்கள் அதை விரும்பி விடுகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டுஷரில் ஸ்டாண்டன் ஹார்கோர்ட் அருகேயுள்ள லீனியர் ஃபிஷரீஸ் போன்ற சரளைக்கல் தோண்டிய பெரிய ஏரிகள் வேறு வகை. அங்கே ஜனவரியில் இரண்டு இரவு தங்கி ஒரே ஒரு பெரிய கார்ப் பிடித்தவரும் மகிழ்ச்சியோடு திரும்புவார்.

கிராய்டன் வாசகர்: பிடித்த கார்ப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைக்கலாமா?

கூடாது. இதில் வளைந்துகொடுக்க இடமே இல்லை. ஏரியில் உள்ள மீனை உரிமையாளரின் அனுமதியின்றி எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம். கட்டண ஏரிகளில் அந்த அனுமதி கிடைக்காது, ஏனெனில் ஒரே கார்ப் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்து பலமுறை பிடிபட்டு விடப்படும் மீன். நம்மில் ஒருவர் செய்யும் தவறுக்காக ஏரிக்கரையில் நம் முகமுள்ள அனைவரையும் ஐயத்தோடு பார்க்கும் நிலை வரக்கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு.

விடும்போதும் கவனம் வேண்டும். உறைபனியில் மீனைக் காற்றில் வைத்திருந்தால் செவுளும் கண்ணும் பாதிக்கப்படும். மீனைக் கிடத்தும் விரிப்பின் மேல் ஏரித் தண்ணீரை ஊற்றி, கையை நனைத்து, முள்ளை எடுத்து உடனே விட்டுவிடுங்கள். படம் எடுப்பதானால் எல்லாவற்றையும் தயார் செய்த பிறகே வலையைத் தண்ணீரிலிருந்து தூக்குங்கள். பெரும்பாலான ஏரிகளில் செதுக்கு (நுனியருகே பின்னோக்கி நீட்டும் சிறு கூர்) இல்லாத முள் மட்டுமே அனுமதி.

பிராட்ஃபோர்டு வாசகர்: பத்து வயது மகளையும் பதினான்கு வயது மகனையும் அழைத்துப் போகிறேன். அவர்களுக்கும் உரிமம் வேண்டுமா?

மகளுக்கு வேண்டாம். 13 முதல் 16 வயது வரை உரிமம் இலவசம், ஆனால் கட்டாயம். மகனுக்கு இணையத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கட்டண உரிமம் தேவை, ஏரியின் நாள்சீட்டு அதற்கு ஈடாகாது. உரிமமின்றிப் பிடித்தால் 2,500 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரமே போதும்; ஈரமான கையுறையோடு உட்கார வைத்தால் அடுத்த முறை வரமாட்டார்கள், மாற்றுக் கையுறை எடுத்துச் செல்லுங்கள்.

லூட்டன் வாசகர்: ஏரியில் மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்தால் உடைத்துவிட்டுப் பிடிக்கலாமா?

ஏரிக்காரரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். கல்லையோ எடையையோ எறிந்து உடைக்கும் அதிர்ச்சி, அடங்கிக் கிடக்கும் மீன்களை மிரட்டி, அவை சேமித்து வைத்துள்ள ஆற்றலை வீணாக்கும். சில ஏரிகள் இதற்காகவே அன்று கதவைத் திறப்பதில்லை. அனுமதித்தால் கரையோரத்தில் மட்டும் நீளக்கழியால் மெல்ல அழுத்தி, ஒரு கதவளவு இடம் திறந்து, அரை மணி நேரம் காத்திருந்து தொடங்குங்கள். பனிக்கட்டியின் மேல் எந்தக் காரணத்துக்காகவும் காலை வைக்காதீர்கள், மாட்டிக்கொண்ட தக்கையை எடுக்கவும்கூட.

ஸ்லவ் வாசகர்: மார்ச் நடுவில் மீன்பிடி காலம் முடிந்துவிடும் என்கிறார்களே, ஏரிக்குமா?

இங்கிலாந்தில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரையிலான தடை ஆறுகளுக்கு உரியது. பெரும்பாலான ஏரிகளுக்கு அது 1995இல் நீக்கப்பட்டது. இயற்கைப் பாதுகாப்புக்காக ஒதுக்கப்பட்ட சில ஏரிகளில் இன்னும் உண்டு, ஆகவே போகுமுன் அந்தந்த ஏரியின் விதியைப் படித்துக்கொள்ளுங்கள். மார்ச் மாதத்தில் தண்ணீர் 8 டிகிரியைத் தாண்டி ஒரு வாரம் நின்றால், நாணல் ஓரத்தின் ஆழங்குறைந்த நீரில் கார்ப் மீண்டும் உலவத் தொடங்கும். இரையின் அளவை அப்போதும் ஒரே நாளில் இரட்டிப்பாக்காமல், ஒவ்வொரு கடிக்கும் பிறகு சிறிது சிறிதாக ஏற்றுங்கள்.