அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளுக்கு மதிப்பெண் போடும்போது வண்டியும் கருவியும் எவ்வளவு கணக்கில் வரும்?

நினைப்பதைவிடக் குறைவு. அமெரிக்காவில் இந்தத் தரத்தைப் போடுவது ஐ.எஸ்.ஓ. என்ற காப்பீட்டுத் தகவல் நிறுவனம்; அதே சுருக்கப் பெயர் கொண்ட உலகத் தர அமைப்பு வேறு. தரம் 1 மிகச் சிறந்தது, 10 என்றால் குறைந்தபட்சத் தகுதியே இல்லை. இந்தத் தரத்தை முடிவுசெய்ய மொத்தம் 105.5 புள்ளி. அதில் தீயணைப்புத் துறைக்கு 50, தண்ணீர் வசதிக்கு 40, அவசர அழைப்புக்கு 10, தீத்தடுப்பு வேலைகளுக்கு 5.5.

அந்த 50-க்குள் பம்ப் வண்டிகளுக்கு 6, பம்ப் திறனுக்கு 3, ஏணி வண்டிகளுக்கு 4, மாற்று வண்டிகளுக்கு 1. ஆட்களுக்கு மட்டும் 15, பயிற்சிக்கு 9! இது சரியான கணக்கு என்றுதான் நான் நினைக்கிறேன். பளபளக்கும் வண்டி நின்றாலும் அதை ஓட்டிப்போய் குழாய் பிடிக்க ஆள் வேண்டுமே.

சரி, வண்டி இருந்தால் மட்டும் புள்ளி கிடைக்குமா? கிடைக்காது. குழாய், அதன் நுனியில் மாட்டும் நீர்பீய்ச்சும் முனை, ஏணி எல்லாவற்றையும் பட்டியல் வைத்துச் சரிபார்ப்பார்கள். சோதனைப் பதிவேடும் வேண்டும். வருடாந்திர பம்ப் சோதனையில் 150 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தத்தில் முழுக் கொள்ளளவையும் 20 நிமிடம் விடாமல் இறைக்க வேண்டும். அப்புறம் 200-இல் 70 சதவீதம், 250-இல் பாதி, தலா 10 நிமிடம். தேய்ந்த பம்ப் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். குழாய்களுக்கும் வருடாவருடம் அழுத்தச் சோதனை உண்டு. உங்கள் ஊர்த் துறையிடம் கேட்பதானால், முதலில் அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள்.