உருளைக்கிழங்கு நோய்களும் மட்கு உரமும்: மலை விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்

ஐயா, கோத்தகிரிப் பக்கம் கார்போக உருளையில் இலைக்கருகல் தொடங்கிவிட்டது. மட்கு உரச் சாறு தெளித்தால் நிற்குமா?

நிற்காது. அதை நம்பி ஒரு வாரம் காத்திருந்தால் தோட்டமே போய்விடும். அதிகாலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள். கருகிய இடத்தின் ஓரத்தில் வெண்பூசணம் படிந்திருந்தால் அது பின்பருவக் கருகல்தான். மூடுபனியும் தூறலும் சேர்ந்தால் சில நாட்களில் வயல் முழுக்கப் பரவும். சாற்றில் உள்ள நுண்ணுயிர்கள் இலைமேல் முன்கூட்டியே குடியேறியிருந்தால் ஓரளவு தடுக்கலாம். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை. மேங்கோசெப்பும் போர்டோ கலவையும்கூட நோய் வருமுன் இலையில் இருக்க வேண்டிய மருந்துகளே. இப்போது இலைக்குள் ஊடுருவும் மருந்து தேவை. இன்றே தோட்டக்கலை அலுவலரைப் பாருங்கள்.

அப்படியானால் மட்கு உரத்தால் நோய்க்குப் பயனே இல்லையா?

மண்ணிலிருந்து வரும் நோய்களுக்கு நிறையவே உண்டு. கிழங்கைக் கழுவிய பிறகும் தோலில் மண்போல ஒட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்டினால் மட்டும் பெயர்ந்து வரும் கரும்புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள். அது ரைசோக்டோனியா பூசணம். நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணமான டிரைக்கோடெர்மா விரிடியை ஏக்கருக்கு 1 கிலோ எடுத்து, 20 கிலோ நன்கு மட்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் சில நாள் வைத்து, நடவுச் சாலில் இடுங்கள். விதைக்கிழங்கிலேயே அந்தப் புள்ளிகள் இருந்தால் எந்த உரமும் காப்பாற்றாது. என்னைக் கேட்டால் பாதி வைத்தியம் விதைத் தேர்வில்தான் இருக்கிறது.

சாணம் தாராளமாகப் போட்டும் கிழங்கில் சொறி வருகிறதே?

பச்சைச் சாணமா, அம்மா? மட்காத எரு சொறியைக் கூட்டக்கூடியது. சுண்ணாம்பு அதிகமானாலும் அப்படித்தான். மண்பரிசோதனை செய்யாமல் இடாதீர்கள். கிழங்கு பிடிக்கும் பருவத்தில் மண் காயக் கூடாது.

நோய் வந்த செடிகளை மட்குக் குழியில் போடலாமா?

எந்த நோய் என்பதைப் பொறுத்தது. கருகிய கொடியை, குவியலின் உள்வெப்பம் 55 டிகிரியில் 3 நாளாவது நின்று, கிளறிவிடவும் முடியுமானால் போடலாம். மலைக்குளிரில் சிறிய குழி அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. நோய் தொற்றிய கிழங்கை அதில் போட்டால் முளைத்து, அடுத்த போகத்துக்கும் நோயைக் கொண்டுவரும்.

பச்சையாக இருக்கும்போதே வாடும் செடி என்றால் தண்டின் அடியை வெட்டி, கண்ணாடித் தம்ளர் நீரில் தொங்கவிடுங்கள். பால்போன்ற இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தச் செடியைக் குழிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நீலகிரி நூற்புழுவுக்கு?

1961இல் இங்கே கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு உருளையின் வேரைத் தாக்கும் நுண்ணிய புழு; உணவுச்செடி இல்லாமலும் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடிருக்கும். உருளை விளைந்த வயலின் மண் ஒட்டிய கழிவை வாங்கி மட்கவைத்தால் புழுவையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். குஃப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்புத்திறன் கொண்ட ரகத்தை நடுங்கள். கோசு, கேரட், பூண்டு என்று பயிரை மாற்றுங்கள். மட்கு உரம் அதற்குத் துணை மட்டுமே.